ஊற்றிக் கொடுத்த கை

பச்சைப் புடவைக்காரி உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆகிறது, இன்னும் வந்தபாடில்லை, டாக்டரம்மா அறையிலேயே குடித்தனம் வைத்துவிட்டாளா என்று மதலேன் நினைத்தாள், நினைத்த மறுநொடியே, பாவம், அவளுக்கு என்ன வியாதியோ, இப்படி நினைக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் வெளியே வந்தால் அடுத்தது இவர்கள்தான். வராவிட்டாலும் பரவாயில்லை. வராமலே இருந்தாலும் நல்லதுதான். பக்கத்து நாற்காலியில் புருஷன் அந்துவான் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல், பிரெஞ்சுப் பட்டாளத்தில் உட்காரக் கற்றுக்கொடுத்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்பி ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகிவிட்டது, முதுகு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தச் சட்டைக் காலர். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரலை விடலாம் போலிருக்கிறது. ஈஸ்டருக்குத் தைத்த சட்டைதானே இது? அன்றைக்குக் கழுத்துப் பட்டன் போட முடியாமல் தையற்காரனை என்ன ஏச்சு ஏசினார். சட்டை அப்படியேதான் இருக்கிறது, மனுஷன்தான் உள்ளுக்குள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறார். அதைப் பார்க்காதே மதலேன், கூடையைப் பார். காலடியில் ஒயர் கூடை, கூடைக்குள் ஈரத்துணி சுற்றிய பாட்டில், பாட்டில் நிறையச் சாத்துக்குடிச் சாறு. காலையில் பிழிந்தது. வழியில் அவருக்கு நாக்கு வறண்டால் கொடுக்கலாம் என்று எடுத்து வந்தாள். நேற்று சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள், இன்றைக்குக் காலையில் ஒரு பெண் போன் செய்து, ரிசல்ட் வந்துவிட்டது, டாக்டர் உங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள் என்றாள். இரண்டு பேரையுமா? எதற்கு இரண்டு பேர்? ரத்தம் ஒருத்தருடையதுதானே? நல்ல சேதியாக இருந்தால் ஒருத்தரிடம் சொன்னால் போதும், போனிலேயே சொல்லலாம். இரண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள் என்றால் ஒருத்தர் விழுந்தால் இன்னொருத்தர் தாங்கிப் பிடிக்கத்தானே? மாதாவே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மதலேன் கூடையைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டபோது அவளுக்குப் பத்தொன்பது. திண்டிவனத்தில் அப்பா வீட்டுக் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, லீவில் வந்த சொல்தா மாப்பிள்ளை, பிரெஞ்சு ராணுவத்து உத்தியோகம், கைநிறையச் சம்பளம் என்று தரகர் அளந்துகொண்டே போக, யாரோ விளையாட்டுக்கு, பொண்ணுக்கு எதாச்சும் கேக்கணுமா என்றார்கள். பெண்ணாவது கேட்பதாவது, தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இவள் நிமிர்ந்து, குடிப்பீங்களா என்று கேட்டாள். அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். இவளுக்கென்ன, பெரியண்ணனைச் சாராயம் கொண்டுபோய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவன் கடைசி நாளில் வாந்தி எடுத்ததைத் துடைத்த கை இவள் கைதான், வெட்கமாவது ஒன்றாவது. மாப்பிள்ளை மட்டும் முகம் சுளிக்காமல், மத்தியானச் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் ஒயின், எங்க வீட்டு வழக்கம், அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல என்றார். அப்போ பாட்டில் என் கையில இருக்கணும், நான் ஊத்தினாத்தான் நீங்க குடிக்கணும், சம்மதமா என்றாள் இவள். அந்தக் கூடமே அதிரச் சிரித்தார் பாரு, அந்தச் சிரிப்புக்குத்தான் இவள் தலையை ஆட்டினாள், உத்தியோகத்துக்கோ சம்பளத்துக்கோ இல்லை. சொன்ன சொல்லை மனுஷன் காப்பாற்றினார், அதை மட்டும் யார் முன்னாலும் சொல்லலாம். பிரான்சில் குளிர் எலும்பைக் கடிக்கிற ஊர்களில் குடியிருந்தபோதும் சரி, இங்கே புதுச்சேரிக்கு வந்த பிறகும் சரி, பாட்டில் மேசைமேல்தான் இருக்கும், அவர் கை அதன்மேல் போனது கிடையாது. விருந்துக்குப் போன வீட்டில் யாராவது அவர் கிளாஸில் ஊற்ற வந்தால், கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இவள் முகத்தைப் பார்ப்பார். மற்ற சொல்தாக்கள் எல்லாரும், அந்துவானுக்குக் கேப்டன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று கேலி செய்வார்கள். கிளாஸில் ஒரு சிவப்புப் பூ வரைந்திருக்கும், பூவின் காம்பு வரைக்கும்தான் ஊற்றுவாள், இதழைத் தொட விடமாட்டாள். ஊற்றிவிட்டு அந்த வாசனை ஆகாமல் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆக, இத்தனை வருஷம் அவள் தன் எதிரியைத் தானே அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பச்சைப் புடவைக்காரி இன்னும் வரவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம், அதில் மனுஷ உடம்பைப் பிளந்து குடல், ஈரல், எல்லாவற்றையும் வண்ணம் வண்ணமாகக் காட்டியிருந்தான் ஒருவன், கறிக்கடையில்கூட இவ்வளவு வெளிச்சம் போட்டுக் காட்டமாட்டார்கள். ஈரலைப் பார்த்ததும், குடியைப் பற்றி மகள் சிசில் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அவள் பிரான்சில் லியோன் என்கிற ஊரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வாள், போனில் முகம் தெரியும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள், அம்மா, பப்பாவுக்கு இனிமே அந்த ஒரு கிளாஸ்கூடக் குடுக்காத, அளவாக் குடிச்சா நல்லதுன்னு முன்னாடி சொன்னாங்க, இப்ப அதெல்லாம் இல்லேன்னு சொல்றாங்க, அதுக்குப் பதிலாப் பழச்சாறு குடு என்றாள். அடடா, அந்த வார்த்தையைக் கேட்டதும் மதலேனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அது சந்தோஷமா, வெற்றியா? இரண்டும்தான், மறைப்பானேன். பக்கத்து வீட்டு லெயோன் கேட்டுவிட்டு மதில்மேல் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். லெயோனும் பென்ஷன்காரர், அந்துவானோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். அவர் கட்சி, ஒயின் ரத்தத்தை ஓட வைக்கும், பிரெஞ்சுக்காரன் வெண்ணெயும் பன்றியும் தின்றுவிட்டு நிமிர்ந்து நடக்கிறான் என்றால் அது ஒயினால்தான், பழச்சாறு என்பது பல் முளைக்காத பிள்ளைக்கும் பல் விழுந்த கிழவனுக்கும் கொடுப்பது. இவள் கட்சி, ஒயினும் திராட்சைதான், சாறும் திராட்சைதான், கெட்டுப்போனதைக் குடிக்கிறதைவிடக் கெடாததைக் குடிக்கலாமே. அதைக் கேட்டு அந்துவான் சிரித்தார். லெயோன் சிரிக்கவில்லை, நீ சொல்லு அந்துவான், உனக்கு எது வேணும் என்றார். அந்துவான் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊத்துறவங்க எது ஊத்துறாங்களோ அதுதான் என்றார். இப்படி ஒரு மனுஷன் கிடைப்பானா? அன்றைக்கு மத்தியானமே பூப்போட்ட கிளாஸைக் கழுவித் துடைத்து அலமாரியில் ஏற்றிவிட்டு, பெரிய எவர்சில்வர் தம்ளரில், தளும்பத் தளும்ப, சர்க்கரையும் போட்டு, சாத்துக்குடிச் சாறு கொடுத்தாள். மறுநாள் கறுப்புத் திராட்சை. அதற்கு மறுநாள் மாதுளை, விதையோடு அரைத்து வடிகட்டி, கை சிவக்கச் சிவக்க.

கொடுக்கக் கொடுக்க ஆசை ஏறியது. நாற்பது வருஷத்துக்கு மேல் கையை இறுக்கியே ஊற்றிப் பழகியவளுக்குத் தாராளமாக ஊற்றுவது எவ்வளவு சுகமாக இருந்தது என்று யாரிடம் சொல்வது. மத்தியானம் ஒரு தம்ளர் என்று ஆரம்பித்தது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆனது. காப்பிக்கே சர்க்கரை போட விடாத மனுஷன், இதை வேண்டாம் என்றதில்லை. குடித்து முடித்துவிட்டுத் தம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் இருக்கா மதலே என்பார். இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் வாயா இவள் வாய்? திரும்பவும் பிழிவாள். பழக்கடைக்காரர் இவளைக் கண்டாலே எழுந்து நிற்க ஆரம்பித்தார். அப்புறம்தான் அது வந்தது. எது முதலில் வந்தது? தாகமா, இளைப்பா? தாகம்தான் முதலில். மனுஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, பேசும்போதே உதட்டை நக்கினார். வெயில் என்று நினைத்தாள், தாகத்துக்கு நல்லது என்று இன்னொரு தம்ளர் கொடுத்தாள். ராத்திரி அடிக்கடி எழுந்து பின்பக்கம் போய்வந்தார், வயசுக்கு அப்படித்தான் என்று நினைத்தாள். இளைத்தார், ஒயினை நிறுத்திய ஏக்கம் என்று நினைத்தாள், ஏக்கத்தைத் தீர்க்க ஆப்பிள் வாங்கி வந்து அரைத்துக் கொடுத்தாள். செருப்புக் கடித்து இடது கால் கட்டைவிரலில் ஒரு புண், வேப்பிலை மஞ்சள் அரைத்துப் போட்டால் அது ஆறவேண்டுமா இல்லையா? ஆறவில்லை. காலையில் அவர் செருப்பை மாட்டும்போது அந்த விரலைப் பார்த்தாள், சுற்றிலும் கறுத்திருந்தது, பார்த்துவிட்டு எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டாள். அவர் போய்விட்டால் என்ன ஆகும்? போகிறாராவது, என்ன பேச்சு இது. இல்லை, போய்விட்டால்? சாப்பாட்டு மேசைக்கு எதிரே அவர் நாற்காலியை என்ன செய்வது, யாருக்காவது கொடுத்துவிடுவதா? சிசில் வந்து இவளை லியோனுக்குக் கூட்டிப்போவாள், அங்கே ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் இருட்டு, மதலே என்று கூப்பிட ஒரு ஆள் இருக்காது, எல்லாரும் மதாம் என்பார்கள். அந்தப் பெயரை இந்த மனுஷன் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தைத் தின்றுவிட்டுக் கூப்பிட வேறு யாருக்கு வரும்? போதும், நிறுத்து. இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். எதற்கு இரண்டு பேர்?

வலது பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் அரியாங்குப்பத்துக்காரி, கேட்காமலே அதைச் சொல்லிவிட்டாள், இன்னும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் போலிருந்தது. நல்ல வாட்டசாட்டமான உடம்பு, மடியில் ஒரு டிபன் டப்பா. உங்க வூட்டுக்காரருக்கு இன்னாம்மா என்றாள். தெரியல, ரத்தம் எடுத்திருக்காங்க, இளைச்சுக்கிட்டே போறாரு என்றாள் மதலேன். தாகம் எடுக்குதா? எடுக்குது. அடிக்கடி ஒண்ணுக்குப் போறாரா? போறாரு. கால்ல புண்ணு எதாச்சும்? மதலேனின் கண் அந்துவானின் கட்டைவிரலுக்குப் போனது, அது போதும், அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டாள். அட, அதுதாம்மா, சக்கரை! எங்க வூட்டுக்காரருக்கும் இதேதான். அவரு இன்னா பண்ணாரு தெரியுமா, தாகமா இருக்குதுன்னு கரும்புச்சாறா வாங்கி வாங்கிக் குடிச்சாரு, எரியற நெருப்புல எண்ணெய ஊத்துன மாதிரி ஆயிடுச்சு. சாறுதானே, நல்லதுதானேன்னு நெனச்சிட்டோம். பழத்த முழுசாத் தின்னா வேற, பிழிஞ்சு குடிச்சா வேறயாமே, பிழிஞ்சா சக்கையப் போட்டுட்டுச் சக்கரைய மட்டும் முழுங்குறமாம், டாக்டரம்மா அப்படித் திட்டுனாங்க. சொல்லிவிட்டு அவள் டப்பாவைத் திறந்து வெள்ளரிப் பிஞ்சு ஒன்றை எடுத்துக் கடித்தாள், ஒன்று மதலேனுக்கும் நீட்டினாள். மதலேன் வாங்கிக்கொண்டாள். கையில் வெள்ளரிப் பிஞ்சு. கடிக்கவில்லை. தாகம் எடுத்தது, கொடுத்தாள். கொடுத்தாள், தாகம் எடுத்தது. தாகம் எடுத்தது, கொடுத்தாள். செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி அந்த இரண்டு வார்த்தையும் மண்டைக்குள்ளே சுற்றின. ஐயோ, சர்க்கரை வேறு போட்டாளே, கையால், ஸ்பூனால்கூட இல்லை, டப்பாவைச் சாய்த்து! ஒயினை ஊற்றும்போது காம்பைத் தாண்டக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள், ஏனென்றால் அதைக் கண்டு பயந்தாள். இதைக் கண்டு பயமில்லை, அதனால் கணக்கில்லை. பயந்து கொடுத்ததெல்லாம் அளவாக இருந்தது, ஆசையாகக் கொடுத்ததுதான் அளவு தவறிவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள், அவள் வாய்க்கு வந்த பழமொழி அவள் காதுக்குப் போகவில்லையே. அண்ணனைச் சாராயம் கொண்டுபோனது, சாராயத்தை ஊற்றிக் கொடுத்தவன் யாரோ. இவருக்கு? இவருக்கு ஊற்றிக் கொடுத்த கை எங்கே, இதோ, வெள்ளரிப் பிஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மதலே, நாக்கு வறளுது, அந்த ஜூஸக் குடு என்று அந்துவான் கையை நீட்டினார். மதலேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன சொல்வது? இது விஷம், குடிக்காதீங்க, நான்தான் இத்தனை நாளாக் குடுத்தேன் என்று இந்தக் கூட்டத்தில் சொல்வதா? இன்னும் தெரியவில்லையே, தெரிந்தால் சொல்லலாம். ஜூஸ் தீந்துடுச்சு என்று சொல்லலாம், பாட்டிலைத்தான் அவர் பார்த்தாரே. தண்ணி குடிங்க என்றால் ஏன் என்பார். ஏன் என்று கேட்டால் இவள் அழுதுவிடுவாள், அது இவளுக்கே தெரியும். அவர் கை நீட்டியபடியே இருந்தது, பெரிய கை, தோல் தொங்கிய கை. மதலேன் குனிந்து பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், அண்ணாந்து தன் வாயிலேயே ஊற்றிக்கொண்டாள். மடக் மடக்கென்று. எவ்வளவு இனிப்பு! இவ்வளவு இனிப்பையா இந்த மனுஷன் தினமும் முழுங்கினார், ஒரு நாளாவது இதை ருசி பார்த்தாளா இவள்? தொண்டையில் கட்டியது, மூக்கில் ஏறியது, புடவையில் சிந்தியது, விடவில்லை, காலி செய்தாள். அரியாங்குப்பத்து அம்மாள் வெள்ளரியைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள். எதிர் வரிசையில் ஒரு சின்னப் பெண் அவள் அம்மாவின் தோளைத் தட்டிக் காட்டினாள். அந்துவான் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு, ஏண்டி, எனக்கு என்றார். எனக்குந்தான் தாகம் என்றாள் மதலேன், ஏன், நான் மனுஷி இல்லையா? ஏப்பம் வந்தது. அவர் இவளைப் பார்த்தார், அப்புறம் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார், திண்டிவனத்துக் கூடத்தில் சிரித்த அதே மாதிரி. அவர் சிரிக்கச் சிரிக்க இவளுக்கு அழுகை முட்டியது, அதற்குள் பச்சைப் புடவைக்காரி வெளியே வந்துவிட்டாள்.

டாக்டர் யசோதராவுக்கு இவர்கள் மகள் வயசுதான் இருக்கும், மூக்குத்தி, களைத்த கண். உட்காருங்க, பயப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தாள், பயப்படாதீங்க என்று சொன்னதும்தான் மதலேனுக்குப் பயமே வந்தது. குனிந்து அந்தக் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள், சர்க்கரை ரொம்ப ஏறிக் கிடக்கிறது, இது ரொம்ப நாளாக உள்ளே பதுங்கியிருந்திருக்கும், எதுவோ இப்போது அதைத் தூண்டிவிட்டிருக்கிறது, மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தால் இறக்கிவிடலாம், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் புண்ணை மட்டும் இன்றைக்கே கட்டுப்போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் காட்ட வேண்டும், விரலுக்கு ஆபத்தில்லை. விரலுக்கு ஆபத்தில்லை. மதலேன் அந்த வார்த்தையை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். வீட்டில சமைக்கிறது நீங்கதானேம்மா, அதான் ரெண்டு பேரையும் வரச் சொன்னேன் என்றாள் டாக்டர். அடக் கடவுளே, இதற்குத்தானா! பிறகு டாக்டர் நிமிர்ந்து, சரி, சாப்பாடு என்ன, இனிப்பு என்ன, ஜூஸ் குடிக்கிறீங்களா என்று கேட்டாள். மதலேன் வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் அந்துவான், குடிக்கிறேன் டாக்டர், நானேதான் போட்டுக் குடிக்கிறேன், இவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா, நான் கேக்கல, சக்கரையும் நான்தான் போட்டுக்கிட்டேன் என்றார். முதுகு வளையாமல், மேலதிகாரி முன்னால் சொல்கிற மாதிரி. போட்டுக் குடிக்கிறாராம்! சாத்துக்குடியை எந்தப் பக்கம் வெட்டுவது என்று தெரியுமா இந்த ஆளுக்கு? காஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியுமா? தன் கிளாஸில் தானே ஒரு சொட்டுக்கூட ஊற்றிக்கொள்ளாத மனுஷன். மதலேன் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பொய் சொல்றாரு டாக்டர் என்றாள், நான்தான் குடுத்தேன், ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சிட்டிருந்தாரு, அத நிறுத்திட்டு நான்தான் இத ஊத்தி ஊத்திக் குடுத்தேன், மூணு வேளையும், நல்லதுன்னு நெனச்சு. டாக்டர் அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அம்மா, ஒயினை நிறுத்தினது தப்பில்ல, மருந்துன்னு நெனச்சு யாரும் அதக் குடிக்க வேண்டியதில்ல. ஜூஸும் மருந்தில்ல. பழம்னா ஒரு துண்டு கடிச்சுத் தின்னட்டும். தாகத்துக்குத் தண்ணி இருக்கே, அத ஏன் ரெண்டு பேரும் மறந்துட்டீங்க?

காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்கு நின்றார்கள். மதலேனுக்கு இப்போதுதான் கோபம் வந்தது, பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்வது அவள் வழக்கம். என்னாத்துக்குப் பொய் சொன்னீங்க? டாக்டர் உன்னத் திட்டுவாங்களேன்னுதான். திட்டட்டுமே, நான் பண்ணதுக்கு நான் வாங்கிக்கிறேன், நீங்க யாரு குறுக்க? சரி, அத விடுங்க, அந்தச் சாறு அவ்ளோ இனிப்பு, எனக்கே குமட்டுது, உங்களுக்கு இனிப்புன்னாலே ஆகாதே, காப்பிக்கே சக்கரை போட விடமாட்டீங்களே, அப்புறம் எப்படித்தான் குடிச்சீங்க? கஷ்டப்பட்டுத்தான் குடிச்சேன் என்றார் அந்துவான். கஷ்டப்பட்டா! அப்போ எதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கா, இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டீங்க, தாகத்துக்கா? தாகம் அப்புறமாத்தானே வந்துது என்றார். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார், ஆட்டோ வருகிறதா என்று பார்க்கிற மாதிரி, ஆட்டோ ஒன்றும் வரவில்லை. ஒயின் ஊத்துனா ஊத்திட்டு நீ அடுப்படிக்குப் போயிடுவ. ஜூஸ்னா எதிர் நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காந்து, தம்ளர் காலியாவுற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தியா, அது எனக்கு நல்லா இருந்துது. காலியாயிட்டா எழுந்துடுவியேன்னு இன்னும் கொஞ்சம் கேட்டேன். மதலேன் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். உட்கார்ந்தாள்தான். அடியில் சர்க்கரை தங்கிவிடக் கூடாதே, கடைசிச் சொட்டு வரைக்கும் உள்ளே போகிறதா என்று காவல் காக்கத்தான் உட்கார்ந்தாள். இவர் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார், இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், அவர் தனியாகவா குடித்துக்கொண்டிருந்தார், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கொஞ்சம் உட்காரேன் மதலே என்று சொல்லியிருக்கக்கூடாதா இந்தப் பாவி மனுஷன்? ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்து ஏறிக்கொண்டே, இனிமே தண்ணிதானே, அத நானே மோந்து குடிச்சுக்குவேன், உனக்கும் வேலை மிச்சம் என்றார். மதலேன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்ப்பாரே என்றுகூட நினைக்காமல், அந்துவானின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் வேணாம், தண்ணியும் நான்தான் ஊத்துவேன். மெதுவாக் குடிங்க."